ஆட்டோடு நிற்காமல் முயலுக்கு ஓடும் சிப்பிப்பாறை

கேள்வி: ஐயா, விளாத்திகுளம் பக்கம் 40 வெள்ளாடுகள் மேய்த்து வருகிறேன். காவலுக்காக வாங்கிய சிப்பிப்பாறை ஆண் நாய்க்கு 10 மாதம் ஆகிறது. மேய்ச்சலில் என் பக்கத்தில் நிற்பதே இல்லை. முயலையோ மயிலையோ கண்டுவிட்டால் ஒரே ஓட்டம்தான். தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. வந்த பிறகு அடித்தும் பார்த்துவிட்டேன். ஊர்ப் பையன்கள் சில இரவுகளில் முயலுக்கு அழைத்துப் போவதுண்டு. குட்டி விற்றவரோ, மின்னதிர்ச்சிப் பட்டை வாங்கி மாட்டுங்கள் அல்லது ஜோடிக்கு இன்னொரு குட்டி வாங்குங்கள் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரியல்ல. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பையன்களைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிய வரியில் இருக்கிறது. இரவில் விரட்டிப் பழகும் நாயிடம், பகலில் அதே முயலைக் கண்டும் காணாததுபோல் நிற்கும்படி எதிர்பார்க்கிறீர்கள். சிப்பிப்பாறை, மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி ஓடும் இனம். முயல் அகப்படாவிட்டாலும் அந்த ஓட்டமே அதற்குக் கூலி. இரவு ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிடிப்பதையும் கொல்வதையும் மட்டுமல்லாமல், விரட்டுவதையும் அதற்கான முயற்சியையும்கூட வேட்டை என்றே கொள்கிறது. வழக்கென்று வந்தால் நாய்க்கு உரியவரையும் தேடி வருவார்கள்.

அடுத்தது கயிறு. என்னைக் கேட்டால், இளம் நாயைக் கைக்குள் வைக்க 30 அடிக் கயிற்றையும் உங்கள் மூடிய வாயையும் விட மேலான கருவி கிடையாது. கயிற்றின் நுனியில் முடிச்சோ வளையமோ இருக்கக் கூடாது. இருந்தால் முள்ளில் சிக்கும். கழுத்துப் பட்டையில் கட்டாமல் நெஞ்சுப் பட்டையில் கட்டுங்கள். இந்த இனம் எடுக்கும் வேகத்தில் கயிறு திடீரென இறுகினால் கழுத்து அடிபடும். ஆடுகள் இல்லாத, முள் இல்லாத தரிசில் தொடங்குங்கள். நாய் உங்களைக் கடந்து முன்னே போகும். கயிறு தீருவதற்குச் சற்று முன்பாகவே, ஒரு சொல்லும் சொல்லாமல் எதிர்த்திசையில் திரும்பி நடந்துவிடுங்கள். அது ஓடி வந்து மறுபடியும் முந்தும்; நீங்கள் மறுபடியும் திரும்புங்கள். ஆள் எப்போது எந்தப் பக்கம் போவார் என்பது தெரியாததால், சில நாட்களில் அது ஓடும்போதே தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கத் தொடங்கும். அந்தப் பார்வைக்குத்தான் வேகவைத்த ஈரல் துண்டு. அன்றாடத் தீனியில் பாதியையாவது இப்படிக் காட்டில் கையால் கொடுங்கள். வீட்டில் தட்டு நிறையத் தின்ற நாய்க்குக் காட்டில் உங்கள் தயவு தேவையில்லை.

கூப்பிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முயலின் பின்னால் ஓடும் நாயை நீங்கள் கூப்பிடக் கூப்பிட, அந்தக் குரலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அது கற்றுக்கொள்கிறது. திரும்பி வந்ததும் அடித்தால், ஓடியதற்கு அல்ல, வந்ததற்கு அடி விழுந்ததாகவே அதற்குப் படும். பழைய கூப்பாட்டைக் கைவிட்டு ஒரு விசில் வாங்குங்கள். நாய் தானாக உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது மட்டும் ஊதித் தீனி கொடுங்கள். அது பதிந்த பிறகே தூரத்திலிருந்து ஊதலாம். அதன் பிறகு கயிற்றைத் தரையில் இழுபட விட்டு ஆடுகளோடு கூட்டிப் போய், கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக் குறைத்து வாருங்கள். காலடியிலேயே நிற்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். 30, 40 கஜத்துக்குள் சுற்றினால் இந்த இனத்துக்கு அதுவே நல்ல ஒழுக்கம்.

மின்னதிர்ச்சிப் பட்டையை விற்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அதிர்ச்சி பாயும் கணத்தில் அருகில் ஓர் ஆடு நின்றால், வலியை ஆட்டோடு சேர்த்தே நாய் நினைவில் வைக்கும். பிறகு ஆட்டைக் கண்டு மிரளும் அல்லது கடிக்கும்.

ஜோடிக் குட்டி யோசனை அதைவிட மோசம். இரண்டு நாய்கள் சேர்ந்தால் இன்னும் தூரம் ஓடும், பக்கத்துப் பட்டி ஆட்டின் மேல் வாய் வைக்கவும் துணியும். குட்டி விற்றவரிடம் விற்காத இன்னொன்று மிச்சமிருக்கிறது போலும். கிடைக் காவலுக்கு இன்னொன்று தேவைதான் என்றால், 2 மாதக் குட்டியாக வாங்கி ஆடுகளுக்கு நடுவிலேயே வளருங்கள். அதுவும் இந்த நாய் கயிறில்லாமல் நிற்கப் பழகிய பிறகு.