கவுண்டருக்கு அந்தப் பக்கம்

(கடை கவுண்டரிலும் கஸ்டமர் கேர் போனிலுமாக 26 வருடம் ஓட்டிய அக்கா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு வருடம் மெர்ச்சன்டைசராக (ஆர்டர் முதல் ஷிப்மென்ட் வரை கவனிக்கிற வேலை) இருந்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதும் ஆர்டர் குறைந்து, எங்களில் பலரை நிறுத்திவிட்டார்கள். இப்போது கோவையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் கஸ்டமர் சர்வீஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'பனியன் கம்பெனி அனுபவம் இங்கே எதற்கு?' என்று கேட்டால் என்ன சொல்வது? சம்பளமும் பழையதில் பாதிதான். – பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: தம்பி, அவர்கள் இன்னும் கேட்கவே இல்லை; அதற்குள் நீங்களே கேட்டுக்கொள்கிறீர்கள். ஆறு வருடமாக என்ன செய்தீர்கள்? சாயப்பட்டறையிலிருந்து துணி வரவில்லை, வந்ததிலும் ஷேடு மாறியிருக்கிறது, ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது. இதை ஆர்டர் கொடுத்த பையருக்கு மெயில் எழுத வேண்டும். பொய் எழுதினால் இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டுவீர்கள். பயந்து எழுதாமல் விட்டால் கடைசியில் ஏர் ஷிப்மென்ட் செலவு கம்பெனி தலையில் விழும். 'இத்தனை பீஸ் தயார், மீதி இந்தத் தேதியில்' என்று எழுதி, சொன்ன தேதியைக் காப்பாற்ற ராத்திரி பேக்கிங் செக்‌ஷனில் போய் நின்றிருப்பீர்கள். வாஷிங் மெஷின் ரிப்பேருக்காகப் பத்து நாளாகக் காத்திருப்பவரிடம் செய்ய வேண்டியதும் இதேதான். என்ன, அவர் மெயில் அனுப்ப மாட்டார். நேரில் வந்து கத்துவார்.

அப்படி ஒரே ஒரு ஷிப்மென்ட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பீஸ், எத்தனை நாள் தாமதம், நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். நான் சில வருடம் ஆள் எடுக்கும் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். 'எனக்குப் பொறுமை அதிகம்' என்று சொன்ன ஒருவர் முகமும் ஞாபகத்தில் இல்லை. ஒரு பெண் மட்டும் மறக்கவில்லை. மருந்துக் கடையில் இருந்தவள். கேட்ட மாத்திரை இல்லாதபோது அடுத்த தெருக் கடைக்குப் போன் போட்டு, இருக்கிறதா என்று விசாரித்து ஒரு பாட்டியை அங்கே அனுப்பியிருக்கிறாள். முதலாளி திட்டினாராம். அடுத்த மாதம் அந்தப் பாட்டி முழு மாத மருந்துச் சீட்டோடு இவர்கள் கடைக்கே வந்தாராம். அன்றைக்கே அவளை எடுத்துக்கொண்டோம்.

சம்பளத்துக்கு வருகிறேன். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தபோது நான் சென்னையில் ஒரு கால் சென்டரில் இருந்தேன். மறு பிப்ரவரியில் எங்கள் டீமையே வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய சம்பளத்துக்குக் குறைந்து போக மாட்டேன் என்று நாலு மாதம் உட்கார்ந்தேன். வளையல் அடகுக்குப் போனதுதான் மிச்சம். கடைசியில் பாதிச் சம்பளத்தில் ஒரு ஷோரூம் பில்லிங்கில்தான் சேர்ந்தேன். அதை முதல் மாதமே செய்திருக்கலாம்.

சேருமுன் ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: எக்ஸ்டெண்டெட் வாரண்டி விற்க டார்கெட் உண்டா? சர்வீஸ் என்று பெயர் வைத்து விற்பனைக்கு ஆள் எடுக்கிற இடங்கள் நிறைய. டார்கெட் இருந்தால், அது எட்டாத மாதத்தில் கையில் என்ன வரும் என்பதையும் கேளுங்கள். பிஎஃப்புக்குப் பழைய யூஏஎன் எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுங்கள்.

கேள்வி: தாய்லாந்தில் கஸ்டமர் சப்போர்ட் வேலை, மாதம் 80,000 ரூபாய் என்று டெலிகிராமில் வந்தது. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். முன்பணம் 50,000 கேட்கிறார். போகலாமா? – எஸ்.கே., திருச்சி.

பதில்: வேண்டாம். இப்படித் தாய்லாந்து என்று கூட்டிப்போன பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்ய வைத்து அடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கினார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. பதிவு பெற்ற ஏஜென்டா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்க முடியும். டூரிஸ்ட் விசா என்று சொன்ன இடத்திலேயே பேச்சை முடித்திருக்க வேண்டும். பணம் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 71. ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு மூன்று வாரமாகப் போன் செய்கிறேன். எடுக்கிற பெண் ஒவ்வொரு முறையும் 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்றே படிக்கிறாள். போன வாரம் பொறுக்க முடியாமல் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். இப்போது என் பேத்திக்கே கால் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது. மனசு உறுத்துகிறது. – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: ஐயா, அவள் கையில் டெக்னீஷியனும் இல்லை, ஸ்பேர் பார்ட்டும் இல்லை. எதிரே ஒரு ஸ்கிரிப்ட், காதில் ஹெட்செட், பேச்சைப் பதிவு செய்கிற மெஷின், அவ்வளவுதான். திட்டுவதால் உங்கள் ஃப்ரிட்ஜ் வரிசையில் ஒரு இடம்கூட முன்னே நகராது. அடுத்த முறை கம்ப்ளெயின்ட் எண்ணையும் தேதியையும் சொல்லி, 'உங்கள் சூப்பர்வைசரிடம் கொடும்மா' என்று கேளுங்கள். அப்புறமும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

பேத்திக்கு நைட் ஷிஃப்டாக இருந்தால், காலையில் அவள் தூங்கும்போது டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.