செகண்ட் ஹேண்ட் ஃபோக்ஸ்வாகன் போலோ வாங்கலாமா? எந்த இன்ஜின், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வாங்கலாம். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 2015 ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக்) உங்களுக்கு ஏற்ற போலோ இல்லை. நீங்கள் சொன்ன கணக்கு இது: நான்கு பேர் குடும்பம், மாதம் 800 கி.மீ., முக்கால்வாசி ஓட்டம் சென்னைக்குள், எப்போதாவது திருநெல்வேலி. அதை வைத்துத்தான் இந்தப் பதில்.

போலோ வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் இரண்டு விதமான பதில் வரும். "கதவைச் சாத்தும் சத்தமே போதும், ஹைவேயில் 100-ல் போனாலும் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும், விற்க மனசே வராது" என்பது ஒன்று. "வருஷத்துக்கு ஒரு பெரிய செலவு வைக்கும்" என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மைதான், ஆனால் அவர்கள் பேசுவது வெவ்வேறு கார்களைப் பற்றி. 2010 முதல் 2022 வரை புனே அருகே சாக்கன் ஆலையில் தயாரான இந்த ஒரே உடம்புக்குள் எட்டுக்கும் குறையாத இன்ஜின்கள் வந்துபோயின. அதனால் போலோ நல்லதா என்று கேட்பதைவிட, எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

முதலில் நீங்கள் பார்த்த வண்டி. 2013-ல் வந்த ஜிடி டிஎஸ்ஐ-யில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ் சக்தி, 175 என்எம் டார்க் (இழுவிசை). ஓட்ட அருமையான கார். சிக்கல் அதன் 7 கியர் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருக்கிறது. இது டிக்யூ200 எனப்படும் உலர் கிளட்ச் வகை. உள்ளே இரண்டு கிளட்ச்கள்: ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு, மற்றொன்று 2, 4, 6, ரிவர்ஸ் கியர்களுக்கு. எண்ணெயில் மூழ்காத கிளட்ச் என்பதால் சூடு தணிய வழி குறைவு. கிண்டி, வடபழனி நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டே போகும்போது முதல் கியர் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் வேலை செய்கிறது. மே மாத வெயிலில் தினம் ஒரு மணி நேரம் இப்படி ஓடினால் தேய்மானம் வேகமாக ஏறும். கிளட்ச்களை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் என்ற மின்னணு-ஹைட்ராலிக் பாகமும் இதே சூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது போனால் புதிதாக மாற்ற ஒரு லட்சத்தைத் தாண்டும். சில ஊர்களில் பழுது பார்த்துத் தரும் வெளி மெக்கானிக்குகள் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

அந்த வண்டியே வேண்டும் என்றால் டெஸ்ட் டிரைவை காலி ரோட்டில் முடித்துவிடாதீர்கள். குறைந்தது 40 நிமிடம், நெரிசலில் ஓட்டுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போதும், இரண்டிலிருந்து முதலுக்கு இறங்கும்போதும் உதறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளைஓவர் ஏற்றத்தில் நின்று கிளம்பிப் பாருங்கள். மீட்டரில் கியர் எழுத்துகள் கண்சிமிட்டினால், ஸ்பேனர் படம் வந்தால், ரிவர்ஸ் விழ நேரமெடுத்தால் பேரம் பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடலாம். ஒரு கிளட்சின் கியர்கள் மட்டும் வேலை செய்யும் வண்டியை "சென்சார் பிரச்சினைதான் சார், ஆயிரம் ரூபாய் வேலை" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். விசிடிஎஸ் என்ற, ஃபோக்ஸ்வாகன் கார்களின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டி, கிளட்ச் தேய்மான அளவையும் சேமிக்கப்பட்ட கோளாறுக் குறியீடுகளையும் படிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: இன்ஜினை ரீமேப் செய்த (சக்தியைக் கூட்ட அதன் மென்பொருளை மாற்றிய) வண்டியா என்று நேராகக் கேளுங்கள். சென்னையிலும் கோவையிலும் போலோவை ஆசை ஆசையாக மாற்றி ஓட்டும் கூட்டம் பெரிது. கூட்டிய டார்க்கைத் தாங்குவது இந்த கியர்பாக்ஸுக்கு இன்னும் சிரமம். விற்கும் முன் பழையபடி மாற்றிவிடவும் செய்வார்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு என் முதல் தேர்வு 2020 முதல் 2022 வரை வந்த 1.0 டிஎஸ்ஐ. மூன்று சிலிண்டர், 110 பிஎஸ், அதே 175 என்எம். 6 கியர் மேனுவலிலும், டார்க் கன்வெர்ட்டர் வகை (உலர் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும்) 6 கியர் ஆட்டோமேட்டிக்கிலும் கிடைக்கும். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் இதையே தேடுங்கள். நகர நெரிசலில் டார்க் கன்வெர்ட்டர் அலட்டிக்கொள்ளாது. இதே 1.0 டிஎஸ்ஐ குடும்பம்தான் டைகுன், விர்ட்டஸ் கார்களிலும் ஓடுகிறது என்பதால் இன்ஜின் பாகங்களுக்குப் பல வருடம் கவலை இல்லை. பார்க்க வேண்டியது இபிசி விளக்கு (மீட்டரில் வரும் இன்ஜின் மின்னணுக் கோளாறு எச்சரிக்கை) எரிந்த வரலாறு. எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர் கோளாறு பெரும்பாலும் அப்படித்தான் முகம் காட்டும். விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் பழைய டிஎஸ்ஜி-யின் ஒரு பெரிய ரிப்பேர் வந்தாலே அந்த வித்தியாசத்தில் கணிசமான பகுதி போய்விடும்.

பட்ஜெட் அந்த அளவுக்கு இல்லையென்றால் டர்போ இல்லாத எம்பிஐ பெட்ரோல் மேனுவல். 2018 வரை 1.2 லிட்டர், அதன் பிறகு 1.0 லிட்டர், இரண்டுமே 75 பிஎஸ் சுற்றுவட்டாரம். பராமரிப்பு எளிது, பெரிதாகக் கையைக் கடிக்காது. ஆனால் வண்டி கனம், இழுவை குறைவு. நான்கு பேர், லக்கேஜ், ஏசி எல்லாம் சேர்ந்தால் திண்டிவனம் தாண்டி ஒரு லாரியை முந்தக்கூட கியரைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். குறிப்பாக 1.0 எம்பிஐ-யில் டார்க் 95 என்எம் மட்டுமே. நகரத்துக்குள் மட்டும் என்றால் போதும், திருநெல்வேலிப் பயணத்துக்குப் பொறுமை வேண்டும்.

டீசல் உங்களுக்குத் தேவையில்லை. மாதம் 1,500 கி.மீ.க்கு மேல் ஓடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 2014 முதல் 2020 வரை வந்த 1.5 டிடிஐ-தான் போலோ டீசல்களில் சிறந்தது. சாதா மாடலில் 90 பிஎஸ், 230 என்எம். பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிப்படி வந்த வண்டி என்பதால் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) அடைப்புத் தொல்லை இல்லை. டைமிங் பெல்ட் மாற்றிய பில் கட்டாயம் வேண்டும். ஒரு லட்சம் கி.மீ.யை நெருங்கிய வண்டியில் பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும், இன்ஜினே போய்விடும். கிளட்ச் பெடல் கனமாக இருந்தாலோ, ஐடிலிங்கில் கடகடவென்று சத்தம் வந்து கிளட்சை மிதித்ததும் மாறினாலோ டூயல் மாஸ் ஃபிளைவீல் (இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம். அது சாதா கிளட்ச் செட்டைப் போலப் பல மடங்கு விலை. புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு அடைத்துக்கொள்வது இந்த டீசல்களில் சகஜம். புகை, திணறல், இன்ஜின் விளக்கு என்று வரும். டீசல் புகைச் சோதனையில் ஃபோக்ஸ்வாகன் ஏமாற்றியதாக உலகம் முழுக்கப் பேசப்பட்ட விவகாரத்தில் இந்தியாவில் 2015-ல் அறிவிக்கப்பட்ட ரீகாலில் 1.2, 1.5, 1.6 டீசல்கள் அடக்கம். அந்த வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

எந்த இன்ஜினாக இருந்தாலும் எல்லா போலோவிலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஏசி முதலாவது. டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் காயில் கசிவது இந்தக் காரில் அடிக்கடி கேட்கும் புகார். காயில் விலையைவிட டேஷ்போர்டை முழுதாகக் கழற்றி மாட்டும் கூலிதான் வலிக்கும், கழற்றிய பிறகு கடகட சத்தம் வர ஆரம்பிக்கும் வண்டிகளும் உண்டு. மதியம் 12 மணிக்கு வெயிலில் நிறுத்தி, ஐடிலிங்கில் 10 நிமிடம் ஏசி போடுங்கள். "கேஸ் மட்டும் போட்டால் சரியாகிவிடும்" என்றால், கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள். அடுத்து நான்கு பவர் விண்டோவையும் முழுதாக இறக்கி ஏற்றுங்கள். கண்ணாடி சாய்ந்து ஏறினாலோ டக் என்று சத்தம் வந்தாலோ ரெகுலேட்டர் போகப்போகிறது. ரிமோட்டில் நான்கு கதவும் பூட்டித் திறக்கிறதா, கதவைத் திறந்தால் உள் விளக்கு எரிகிறதா பாருங்கள். பூட்டுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் கெட்டால் முழு லாக் யூனிட்டையும் மாற்றச் சொல்வார்கள். ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் டொக் டொக் என்றால் சஸ்பென்ஷனின் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் மூன்றில் ஒன்று தேய்ந்திருக்கிறது. இவை பெரிய செலவு இல்லை. விலை குறைக்கக் காரணமாகப் பயன்படுத்துங்கள்.

கூலண்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும். இளஞ்சிவப்போ ஊதா கலந்த சிவப்போ இருக்க வேண்டும். பச்சையாகவோ துருத் தண்ணீராகவோ இருந்தால் எங்கோ கசிந்து, யாரோ கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்டிக் என்பதால் வயதான வண்டிகளில் அங்கே கசிவு வரும். வண்டி பார்க்கப் போவதைக் காலையில் வைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் கோல்ட் ஸ்டார்ட்டில் எதையோ மறைக்கிறார்கள்.

சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டி என்றால் வெள்ளத்தையும் பாருங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் தென்மாவட்ட மழையிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பாருங்கள், முன் சீட் தண்டவாளத்தின் துருவைப் பாருங்கள், கார்பெட்டை ஓரத்தில் தூக்கி முகர்ந்து பாருங்கள். மூழ்கிய போலோவை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வயரிங், கன்ட்ரோல் யூனிட் கோளாறுகள் ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாக வரும், மெக்கானிக்கும் கைவிரித்துவிடுவார்.

ஓடிய கி.மீ.யை மீட்டரில் மட்டும் நம்பாதீர்கள். மீட்டரைக் குறைப்பது கால் மணி நேர வேலை. ஆனால் ஸ்கேனரில் வரும் பழைய கோளாறுக் குறியீடுகளோடு, அது எத்தனை கி.மீ.யில் பதிவானது என்பதும் பெரும்பாலும் இருக்கும். மீட்டர் 62,000 காட்டி, குறியீடு 1,10,000-ல் பதிவாகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஷோரூம் சர்வீஸ் வரலாற்றைப் பதிவு எண் வைத்து உரிமையாளரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோவுக்குக் கிடைத்தது பூஜ்ஜிய நட்சத்திரம், இரண்டு ஏர்பேக் உள்ளதற்கு நான்கு. அதன் பிறகுதான் எல்லா மாடலுக்கும் இரண்டு ஏர்பேக் வந்தது. எனவே 2014-க்கு முந்தைய கீழ்மட்ட மாடல்கள் வேண்டாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அடிபட்டு ஏர்பேக் வெடித்த வண்டியாக இருக்கலாம்.

பின்சீட்டைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போலோவின் உண்மையான குறை அதுதான், எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. முன்னால் உயரமானவர் இருந்தால் பின்னால் முழங்கால் இடிக்கும். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் பிரச்சினை இல்லை. அப்பா, அம்மா அடிக்கடி வருவார்கள் என்றால் அதே பணத்துக்கு ஐ20, ஜாஸ், பலேனோ மூன்றுமே பின்னால் தாராளம்.

காகித வேலை சுருக்கமாக: உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. கடன் இருந்திருந்தால் வங்கியின் என்ஓசி-யோடு (ஆட்சேபனை இல்லாச் சான்று) படிவம் 35. ஆர்சி-யில் ஹைப்போ (வங்கிக் கடன் அடமானப் பதிவு) நீங்கியதை அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். நிலுவை அபராதமும் அங்கேயே தெரியும். தில்லியின் 10 வருட டீசல் கட்டுப்பாட்டால் அங்கிருந்து மலிவாகத் தெற்கே வந்த வண்டிகள் பல. அவற்றுக்குப் படிவம் 28 என்ஓசி, தமிழ்நாட்டு வரி, மறுபதிவு என்று சேர்த்துப் பார்த்தால் மலிவு காணாமல் போகும். 2010, 2011 மாடல் என்றால் 15 வருட ஆர்சி புதுப்பிப்பும் உங்கள் தலையில்தான். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அதுவரை உங்கள் காரின் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது சந்தேகம். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, உங்களுக்கு வராது, அதனால் பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

பேசிய விலைக்கு மேல் 40,000 முதல் 50,000 வரை தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய முதல் வாரமே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், பிரேக் ஆயில், கூலண்ட், பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக் மாற்றிவிடுங்கள். ஆயில் டப்பாவில் ஃபோக்ஸ்வாகனின் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். டர்போவுக்கு அது மிக முக்கியம். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் டயரின் பட்டன் (ரோட்டில் படும் பள்ளமேடு) நன்றாக இருந்தாலும் திருநெல்வேலி கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.