சான்றிதழை விடுங்கள், வரைபடத்தின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: கோவையில் வசிக்கிறேன், பணி ஓய்வு பெற்றவன். பழைய உலக வரைபடம் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்ட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பெல்ஜியத்தில் ஒருவரிடம் இருப்பதாகச் சொல்லி, மும்பை ஏஜென்ட் ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். ‘ஒர்டேலியஸ், 1570, அசல், மிக அரிது’ என்கிறார். வண்ணம் தீட்டியது, ஃபிரேம் போட்டது, சான்றிதழும் உண்டாம். விலை 65,000 ரூபாய், பாதி முன்பணம். தொல்லியல் துறையில் பதிவு செய்து தரத் தனியாக 12,000 கேட்கிறார். நம்பி வாங்கலாமா? படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: முன்பணம் அனுப்பாதீர்கள். அந்தப் பன்னிரண்டாயிரத்தை எப்போதுமே அனுப்பாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தின் நான்கு மூலைகளிலும் வட்டங்கள் இருக்கின்றன, உள்ளே லத்தீன் வாசகங்கள். ஆபிரகாம் ஒர்டேலியஸ் 1570-இல் ஆண்ட்வெர்ப் நகரில் வெளியிட்ட உலக வரைபடத்தில் இந்த வட்டங்கள் கிடையாது. அதில் உலகத்தைச் சுற்றி மேகங்கள்தான் இருக்கும். அந்த வரைபடத்தைச் செதுக்கிய செப்புத் தகட்டில் பல ஆண்டுகள் அச்சிட்டார்கள், நாளடைவில் கீழே இடது மூலையில் விரிசல் கண்டது. 1586-இல் இரண்டாவது தகடு செதுக்கினார்கள், அடுத்த வருடமே மூன்றாவது. மேகங்களை எடுத்துவிட்டு மூலைகளில் வட்டங்களை வைத்து, பண்டை ரோம அறிஞர்கள் சிசரோ, செனெகா ஆகியோரின் வாசகங்களைப் போட்டது இந்த மூன்றாவது தகட்டில்தான். தென் அமெரிக்காவையும் பாருங்கள். முதல் தகட்டில் அதன் தென்மேற்குக் கரை வயிறு தள்ளியதுபோல் புடைத்திருக்கும், மூன்றாவதில் அதைத் திருத்திவிட்டார்கள். உங்கள் படத்தில் புடைப்பே இல்லை.

ஆகவே அது 1570-ஐச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை. சான்றிதழோ 1570 என்கிறது. அந்தச் சான்றிதழின் மதிப்பு என்ன என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

ஆண்டு தவறு என்பதால் மட்டும் பொருள் போலி என்று ஆகிவிடாது. மூன்றாவது தகட்டில் அச்சான அசல் தாள்கள் நிறையவே சந்தையில் இருக்கின்றன. ஒர்டேலியஸ் 1598-இல் இறந்த பிறகும் அவருடைய அட்லஸ் 1612 வரை வந்துகொண்டிருந்தது. லத்தீன், டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், இத்தாலியன் என்று ஏழு மொழிகளில், ஆயிரக்கணக்கான பிரதிகள். ‘மிக அரிது’ என்பதும் கதைதான். 1570 என்றால் விலை போகும், அதனால் ஒர்டேலியஸ் பெயர் உள்ள எல்லாவற்றுக்கும் அந்த ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது தகடாகவே இருந்தாலும், நல்ல நிலையில் உள்ள அசல் பிரதி பல ஆயிரம் டாலருக்குப் போகும் சரக்கு. அதை ஒருவர் 65,000 ரூபாய்க்குத் தருகிறார், நடுவில் ஏஜென்ட் கமிஷன் வேறு. எனக்குக் கணக்கு உதைக்கிறது.

இந்தச் சான்றிதழ் வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. பழைய வரைபடத்துக்குச் சான்று வழங்கும் அரசு அமைப்பு எங்கும் கிடையாது. விற்பவரே கணினியில் அடித்து, தங்க நிற முத்திரை ஒட்டி, தானே கையெழுத்துப் போடும் தாள் அது. நேர்மையான வியாபாரிகள் ரசீதிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள்: எந்த அச்சகம், எந்தப் பதிப்பு, எந்த மொழி, வண்ணம் அந்தக் காலத்ததா பிற்காலத்ததா, எங்கெங்கே கிழிசல் ஒட்டியிருக்கிறது, எல்லாம். பன்னாட்டுப் பழைய வரைபட விற்பனையாளர் சங்கம் ஒன்று இருக்கிறது, அரிய நூல் விற்பனையாளர்களுக்கும் ஒன்று உண்டு. இவற்றின் உறுப்பினர்கள், விற்ற பொருள் அசல்தான் என்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும். உங்கள் பெல்ஜியக்காரர் எதிலாவது உறுப்பினரா என்று கேளுங்கள். ஏஜென்ட் சொல்லும் பதிலை நம்பாமல், சங்கத்தின் இணையதளத்தில் நீங்களே பெயரைத் தேடுங்கள்.

சரி, தாளையே சோதிப்பது எப்படி? முதலில் ஃபிரேமைக் கழற்றச் சொல்லுங்கள். ‘கழற்றினால் கெட்டுவிடும்’ என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நான்கு திருகாணி, ஓர் அட்டை, அவ்வளவுதான் ஃபிரேம்.

கழற்றிய பிறகு பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒர்டேலியஸின் உலக வரைபடம் அட்லஸில் கட்டுவதற்காக அச்சானது, அதனால் பின்பக்கத்தில் உலகத்தைப் பற்றிய விளக்கவுரை அச்சாகியிருக்கும். எந்த மொழி, எந்த எழுத்துரு, எந்த வரி எந்தச் சொல்லோடு முடிகிறது என்பதை வைத்துத்தான் அது எந்தப் பதிப்பு என்று தீர்மானிக்கிறோம். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் ஒர்டேலியஸ் உலகப் படத்தை வாங்காதீர்கள். நடுவில் மேலிருந்து கீழாக மடிப்பும் இருக்க வேண்டும். மடிப்பின் பின்னால் புத்தகத்தில் ஒட்டித் தைத்த காகிதப் பட்டையோ, அதன் தழும்போ பெரும்பாலும் தெரியும்.

அடுத்து, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு படம். அந்தக் காலத்துக் காகிதத்தைக் கம்பிச் சல்லடையில் கையால் வார்த்தார்கள். அதனால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி நிற்கும் கோடுகளும் தாளுக்குள் தெரியும். கோடே தெரியாத வழவழப்பான காகிதம் ஐரோப்பாவில் 1750-களில்தான் வந்தது. அப்புறம், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் வைத்து, கடல் பகுதியையும் எழுத்துகளையும் நெருக்கமாக எடுத்த படம். வண்ணம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது நவீன ஆஃப்செட் அச்சு. தேநீர்ச் சாயத்தில் ஊறவைத்துப் பழுப்பேற்றிய நகல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

இனி ஒரு சோதனை, இதை நிதானமாகப் படியுங்கள். இணையத்தில் அரைகுறையாகப் படித்தவர்கள் ஆளைக் குழப்புவது இதில்தான். செப்புத் தகட்டில் அச்சிடும்போது தாளைத் தகட்டின் மேல் வைத்துப் பலமான உருளைக்கு இடையே அழுத்துவார்கள். தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதியும். படத்தைச் சுற்றிச் செவ்வகமாக ஓடும் இந்தத் தடத்தை விரலால் தடவினாலே தெரியும். ஒர்டேலியஸ், மெர்கேட்டர், ஹோண்டியஸ், பிளாவ் எல்லாருமே செப்புத் தகட்டுக்காரர்கள், ஆகவே தடம் இருக்க வேண்டும். ஆனால் எல்லாப் பழைய வரைபடத்துக்கும் இந்த விதி பொருந்தாது. செபாஸ்டியன் மியூன்ஸ்டர் 1540-லும் 1544-லும் பாசல் நகரில் வெளியிட்ட நூல்களின் வரைபடங்கள் மரக்கட்டையில் செதுக்கியவை. மரக்கட்டை அச்சில் மேடாக நிற்கும் பகுதிதான் மை பிடிக்கும். அதை ஈய எழுத்துகளோடு சேர்த்துச் சாதாரணப் புத்தகப் பக்கம்போலவே அச்சிடுவார்கள். தகடே இல்லை என்னும்போது தகட்டுத் தடம் எப்படி வரும்? தடம் இல்லையே என்று அசல் மியூன்ஸ்டரைப் போலி என்று ஒதுக்கியவர்களும் உண்டு, தடம் தெரிகிறது என்ற ஒரே காரணத்தால் மியூன்ஸ்டர் நகலுக்குப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. மரக்கட்டை அச்சில் தேட வேண்டியது வேறு: கோடுகள் தாளை அழுத்தியதால் பின்பக்கம் லேசாக மேடிட்டிருக்கும். பிற்காலப் பதிப்புகளில் கட்டையில் விரிசல் விட்ட இடமும் பூச்சி துளைத்த இடமும் வெள்ளையாக விழுந்திருக்கும். இன்னொன்று, செப்புத் தகட்டு வரைபடத்திலும் யாராவது ஓரத்தைத் தடத்துக்கு உள்ளே வரை வெட்டியிருந்தால் தடம் காணாமல் போகும். அது அசல்தான், ஆனால் விலை குறைய வேண்டும். போலிக்காரனும் வெற்றுத் தகட்டை அழுத்தித் தடத்தை உண்டாக்கிவிடலாம். எனவே தடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

வண்ணத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, விற்பவர்கள் கூடுதல் பணம் கேட்பது அதற்குத்தான். ஒர்டேலியஸே ஆரம்பத்தில் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தவர். ஆண்ட்வெர்ப் கலைஞர் சங்கத்தில் 1547-இல் சேர்ந்தது அந்தத் தொழிலாளியாகத்தான். அந்தக் காலத்துப் பச்சையில் செம்பு உப்பு கலந்திருக்கும். நூற்றாண்டுகளில் அது தாளை அரித்து, பின்பக்கம் பழுப்பாக ஊடுருவித் தெரியும். முன்பக்கம் பளிச்சென்ற பச்சை, பின்பக்கம் சுத்த வெள்ளை என்றால் பெரும்பாலும் பிற்காலக் கைவேலை. அது குற்றமில்லை, அதற்குப் பழைய வண்ணத்தின் விலையைக் கேட்பதுதான் குற்றம்.

யாரிடமிருந்து வந்தது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற பேர்பெற்ற வரைபட வியாபாரி 2005-இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பிடிபட்டார். நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார். அவரிடம் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பெரிய ஏல நிறுவனம் என்றால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். வால்ட்சேமுல்லர் என்ற ஜெர்மன் வரைபடக்காரர் 1507-இல் அச்சிட்டது, வெட்டி உருண்டையில் ஒட்டுவதற்கான உலகப் படத்தாள் என்று லண்டனில் 2017-இல் பல லட்சம் பவுண்டு மதிப்பிட்டு ஏலத்துக்கு வைத்த ஒன்றை, சந்தேகம் எழுந்ததும் கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள்.

இனி மும்பைக்காரரின் பன்னிரண்டாயிரம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் பதிவு கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டவை சிற்பங்கள், ஓவியங்கள், படங்கள் உள்ள கையெழுத்துச் சுவடிகள் போன்றவை. அச்சிட்ட வரைபடம் அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாத வேலைக்குக் கூலி கேட்கிறார். அதே சட்டம் தொல்பொருள் விற்பனைத் தொழில் செய்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த உரிமத்தின் நகலைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக அதோடு அவரே தொலைபேசி எடுக்க மாட்டார்.

ஆனால் இந்தச் சட்டம் உங்களை வேறு இடத்தில் மாட்டிவிடும். நூறு வருடம் கடந்த பொருள் இந்தியாவுக்குள் வந்துவிட்டால் தனியார் அதை வெளியே அனுப்ப முடியாது. எந்த நாட்டில் செய்த பொருள் என்று சட்டம் பார்ப்பதில்லை. ஆண்ட்வெர்ப்பில் அச்சாகி, போன மாதம் கோவைக்கு வந்த தாளும் அப்படித்தான். ‘முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்’ என்ற வாக்குறுதி அசல் பொருளுக்கு உங்கள் விஷயத்தில் செல்லாது. போலியாக இருந்தால் அனுப்பலாம், அதற்கும் ‘இது தொல்பொருள் இல்லை’ என்று தொல்லியல் துறையிடம் எழுதி வாங்கிவரச் சுங்கத்தில் சொல்லக்கூடும். ஏமாந்தவன்தான் அலைய வேண்டும் என்று யோசித்துச் செய்ததுபோல இருக்கிறது ஏற்பாடு! உள்ளே வரும்போதோ, பழம்பொருள் தலைப்பில் வரி போடுவதா, அச்சிட்ட வரைபடத் தலைப்பில் போடுவதா என்று கூரியர் நிறுவன ஊழியர் தன் மனம்போல முடிவு செய்வார். பணம் கட்டுமுன் சுங்கத் தரகர் ஒருவரிடம் ரசீதின் மாதிரியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். சோதனை எல்லாம் தாள் இந்திய எல்லைக்கு வெளியே இருக்கும்போதே முடிந்தாக வேண்டும். லண்டனிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இருந்தால் முதலில் அங்கே அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பணம் செலவழிக்க வேண்டாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பும் அசல் தாள்களை இணையத்தில் மிகத் துல்லியமாக வைத்திருக்கின்றன. உங்கள் படத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அளவையும் கேளுங்கள்: ஒர்டேலியஸின் அச்சுப் பகுதி உயரம் சுமார் 34 சென்டிமீட்டர், அகலம் சுமார் 49. சுவரை அடைக்கும் அளவு ‘ஒர்டேலியஸ்’ எல்லாம் போஸ்டர்தான்.

65,000 ரூபாய்தான் கையில் இருக்கிறது என்றால் உலகப் பெரும்படத்தை மறந்துவிட்டு, அதே அட்லஸின் கையடக்கப் பதிப்பில் வந்த உலக வரைபடத்தைத் தேடுங்கள். ஆண்ட்வெர்ப்பில் பிலிப் காலே 1577 முதல் வெளியிட்டவை அவை. உள்ளங்கை அளவுதான், ஆனால் நானூறு வருடத்து அசல் செப்புத் தகட்டு அச்சு. சங்க உறுப்பினர்களிடமே அந்தத் தொகைக்குள் கிடைக்க வாய்ப்பு உண்டு. பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், ஏஜென்ட் சொல்லும் தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். வந்த பிறகு வெயில் படாத சுவரில், அமிலமில்லாத அட்டை வைத்து மாட்டுங்கள்.