கன்சென்சஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் அபார்ட்மென்ட் கூட்டத்தில் ‘லிஃப்ட் வேலைக்கு’ வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் பிரிக்க முடிவானது. 40 வீடுகளில் 26 பேர் கை தூக்கினோம். மினிட்ஸ் புத்தகத்தில் ‘கன்சென்சஸ்’, அதாவது ஒருமித்த முடிவு, என்று எழுதிவிட்டார்கள். சென்சஸிலிருந்து வந்த சொல்தான் அது, தலையை எண்ணினால் போதும் என்கிறார் செயலாளர். சரிதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சரியில்லை. இரண்டும் லத்தீன் சொற்கள்தான், ஆனால் வேர் வேறு. ‘சென்செரே’ என்றால் மதிப்பிடுவது. சென்சஸ் அதிலிருந்து வந்தது. பழைய ரோமில் குடிமக்களையும் அவர்கள் சொத்தையும் பதிவு செய்த அதிகாரிக்கு சென்சர் என்று பெயர். அவரே மக்களின் ஒழுக்கத்தையும் கண்காணித்தார். நம் சினிமா சென்சார் அந்த வழியில் வந்த சொல்.

கன்சென்சஸின் வேர் ‘சென்டீரே’, அதாவது உணர்வது. முன்னால் உள்ள ‘கன்’ என்பதற்குச் சேர்ந்து என்று பொருள். சேர்ந்து உணர்வதுதான் கன்சென்சஸ். கன்சென்ட்டும், நாம் வாய் ஓயாமல் சொல்லும் சென்டிமென்ட்டும்கூட இதே குடும்பம். எனக்கு மிகப் பிடித்த சொல் இது. கணக்கே இல்லை அதில்.

இந்தியாவின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 13-ஆம் பிரிவில் கன்சென்ட்டுக்கு அருமையான விளக்கம் தருகிறது: ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம்.

அதென்ன ஒரே அர்த்தம்? 1864-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. பம்பாயிலிருந்து ‘பியர்லெஸ்’ என்ற கப்பலில் வரும் சூரத் பருத்தி 125 பேல்களை லிவர்பூலில் வாங்கிக்கொள்வதாக ஒருவர் ஒப்பந்தம் போட்டார். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. வாங்கியவர் அக்டோபரில் கிளம்பிய கப்பலை நினைத்திருந்தார். விற்றவர் அனுப்பியது டிசம்பரில் கிளம்பியதில். வாங்க மறுத்தவர் பக்கமே தீர்ப்பானது.

சரி, உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். 26 பேர் என்பது பெரும்பான்மை. அப்படியே எழுதச் சொல்லுங்கள், அதில் குறைவொன்றுமில்லை. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி, கூட்டத்துக்கு வந்திருக்கும் எந்த நாடும் முறைப்படி ஆட்சேபிக்காவிட்டால் கன்சென்சஸ் ஆகிவிடும். அந்த இளகிய அளவுகோலில் பார்த்தாலும், கை தூக்காத 14 வீடுகள் வரவில்லையா, வந்து எதிர்த்தார்களா என்று தெரிய வேண்டும். அவர்களிடம் பேசுங்கள்.

அப்புறம், கை தூக்கிய 26 பேரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ‘லிஃப்ட் வேலை’ என்றதும் அவர்கள் நினைத்தது ரிப்பேரையா, புது லிஃப்டையா?