பிள்ளையைப் பிரித்தால் போதை விடுமா?

வணக்கம்.

வேலைக்குப் போகும் வழியில், பாலத்துக்கு அடியில் ஒரு பெண்ணைத் தினமும் பார்க்கிறேன். ஏழெட்டு மாதக் கர்ப்பம், இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. கையெல்லாம் ஊசித் தழும்பு. சில நாள் கண் சொருகிக் கிடப்பாள். ‘பெத்த பிள்ளைக்காகக்கூட விட முடியாதா?’ என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. குழந்தையைப் பிரித்து எங்காவது சேர்த்தால் திருந்துவாளா? நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்காமல் விட்டது நல்லது. ‘பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள்’ என்ற பயத்தில்தான் இவரைப் போன்ற பலர் பிரசவ வலி வரும்வரை மருத்துவமனைப் பக்கமே போவதில்லை.

ஊசித் தழும்பையும் சொருகும் கண்ணையும் பார்த்தால் ஹெராயின் போன்ற ஓபியம் வகையாக இருக்கலாம். அப்படியானால் கர்ப்பிணியிடம் ‘இன்றோடு விட்டுவிடு’ என்று சொல்லவே கூடாது. சட்டென நிறுத்தினால் வாந்தி, பேதி, உடம்பை முறுக்கும் வலி. அதைத் தாங்க முடியாமல் பெரும்பாலோர் திரும்பவும் போட்டுக்கொள்வார்கள். நிறுத்திய சில நாளிலேயே உடலின் தாங்குசக்தி இறங்கியிருக்கும். பழைய அளவே மூச்சை நிறுத்திவிடும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்குப் போதையை முற்றாக இறக்குவதைவிட அதற்கு மாற்றாக மருத்துவர் தரும் மெத்தடோன் அல்லது புப்ரினார்பின் என்ற மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதே மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் வழிகாட்டியது. மதுவும் தூக்க மாத்திரையும் வேறு கதை: திடீரென விட்டால் வலிப்பு வரலாம், மருத்துவமனையில் சேர்த்துத்தான் இறக்க வேண்டும்.

‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்பார்கள். மெத்தடோன் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஏற்ற இறக்கத்தில் தாயும் கருவும் அலைக்கழிவதில்லை. ஆனால் கடைசி மூன்று மாதங்களில் ஒரு சிக்கல் வரும். காலையில் குடித்த மருந்து மாலைவரை தாங்காது. கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சு. ‘வெளியே எதையோ போட்டிருக்கிறாள்’ என்று ஊழியர் திட்டுவதுண்டு. உண்மையில் இரத்த அளவு கூடி, உடல் மருந்தை வேகமாகக் கரைத்துவிடுகிறது. அளவைக் கூட்டவோ இரு வேளையாகப் பிரிக்கவோ வேண்டும்.

பிறக்கும் குழந்தைக்கு முதல் சில நாளில் நடுக்கம், கீச்சென்ற அழுகை, ஓயாத தும்மல், பேதி வரலாம். மெத்தடோன் எடுத்த தாயின் குழந்தை என்றால் நான்கு முதல் ஏழு நாள் கண்காணிப்பு தேவை. இப்போது பல மருத்துவமனைகளில் பார்ப்பது மூன்றைத்தான்: ஒரு வேளைக்கு 30 மில்லியாவது குடிக்கிறதா, கலைக்காமல் விட்டால் ஒரு மணி நேரம் தூங்குகிறதா, அழுதால் 10 நிமிடத்தில் அடங்குகிறதா. மங்கிய வெளிச்சம், இதமாகச் சுற்றிய துணி, தாயின் வெற்று மார்புச் சூடு. பல குழந்தைகளுக்கு இதுவே போதும். தாய் சிகிச்சையில் நிலைத்திருந்தால், மருத்துவர் தடுக்காத வரை தாய்ப்பாலும் தரலாம். பிரித்து வைத்தால் இருவருமே இந்த அருமருந்தை இழந்துவிடுகிறார்கள். குழந்தை கண்ணெதிரே ஆபத்தில் இருந்தால் மட்டும் தயங்காமல் குழந்தை உதவி அமைப்பை அழையுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: தினமும் அதே நேரத்தில் நின்று, ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேளுங்கள். பழகியபின் கர்ப்பிணிப் பரிசோதனைக்குத் துணையாகப் போகலாமா என்று கேட்கலாம்.

ஒருநாள் அவர் கூப்பிட்டும் விழிக்காமல், உதடு நீலம் பாரித்து, குறட்டைபோல மூச்சு இழுத்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். ஓபியம் வகைப் போதையை முறிக்கும் நலாக்சோன் மருந்து கிடைத்தால் மூக்கிலோ தசையிலோ கொடுங்கள். கர்ப்பம் என்று தயங்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லையென்றால் இன்னொரு முறை. மூச்சு திரும்பியதும் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, கூடவே இருங்கள். நலாக்சோன் 30 முதல் 90 நிமிடத்தில் அடங்கிவிடும். போதை அதற்குப் பின்னும் உள்ளே இருக்கும்.

பிரசவத்தோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அதற்கடுத்த ஓராண்டில் பரிசோதனைகள் நின்றுபோகும், தூக்கம் கெடும், அப்போதுதான் பலர் மீண்டும் சறுக்குகிறார்கள். மெத்தடோன் போன்ற மாற்று மருந்து தரும் மையத்துக்கு முன்கூட்டியே போய் ஒன்றை மட்டும் விசாரித்து வையுங்கள்: இரண்டு வயதுப் பிள்ளையையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தால் உள்ளே விடுவார்களா?