சங்கத்துக்குச் சந்தா கட்டுவது யார்? வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் யிம்பி என்று ஓர் இயக்கம், ஊருக்குள்ளேயே அடுக்குமாடி கட்ட விடுங்கள் என்று போராடுகிறது. அவர்கள் பில்டர்களின் கைக்கூலி என்கிறான் என் ரூம்மேட். உண்மையாங்க?
– கல்லூரி மாணவர், பீளமேடு

பணம் இருக்கிறது என்பதில் ரூம்மேட் சொல்வது சரி, யாருடைய பணம் என்பதில்தான் இடறுகிறார். 2017-ல் தொடங்கிய கலிபோர்னியா யிம்பி அமைப்புக்கு அடித்தளம் போட்டவர்கள் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். 2018-ல் ஸ்ட்ரைப் என்ற பணப்பரிமாற்ற கம்பெனி மட்டும் 10 லட்சம் டாலர் கொடுத்தது. ஃபேஸ்புக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான டஸ்டின் மாஸ்கோவிட்ஸின் செல்வத்தில் நடக்கும் நிதி அமைப்பும் (அப்போது பெயர் ஓப்பன் ஃபிலான்த்ரபி, 2025-ல் மாற்றிக்கொண்டார்கள்) இந்த இயக்கத்துக்கு நிதி தந்திருக்கிறது. இவர்களுக்கு என்ன லாபம் என்றால், சான்பிரான்சிஸ்கோ பக்கம் வாடகை ஏற ஏற வேலையாட்களுக்குச் சம்பளத்தையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சுயநலம்தான், ஆனால் ஒளிவுமறைவு இல்லாத சுயநலம்.

ஒளிந்திருப்பது வேறு இடத்தில். அந்த அமைப்பு 501(சி)(4) என்ற வரிச்சட்டப் பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவில் இருப்பவர்கள் நன்கொடையாளர் பட்டியலை ஊருக்குக் காட்டத் தேவையில்லை, நமக்குத் தெரிவதெல்லாம் அவர்களாகச் சொன்ன பெயர்கள்தான். என் ஆட்சேபணை இங்கேதான்.

எதிர்ப்பக்கம் ஏழைகளின் உண்டியலில் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ல் லாஸ் ஏஞ்சலஸில் பெரிய கட்டடங்களுக்கு இரண்டு வருஷம் தடை கேட்டு 'மெஷர் எஸ்' என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அதற்குப் பெரும்பாலான பணத்தைக் கொட்டியது எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யும் ஒரு பெரிய அறக்கட்டளை, எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன். ஹாலிவுட்டில் அவர்களுடைய ஆபீஸுக்குப் பக்கத்தில் இரட்டைக் கோபுரம் எழும்பத் திட்டம் இருந்தது, அதை எதிர்த்து ஏற்கனவே கேஸும் போட்டிருந்தார்கள். வாக்கெடுப்பு தோற்றது.

பணம் போட்டால் ஜெயித்துவிடலாம் என்பதும் இல்லை. ரயில், பஸ் நிறுத்தங்களுக்குப் பக்கத்தில் மாடி கூட்ட அனுமதிக்கும் கலிபோர்னியா மசோதா 2018-ல் கமிட்டியிலேயே செத்தது, அடுத்தது 2020 ஜனவரியில் தோற்றது, கடைசியில் 2025 அக்டோபரில்தான் ஒன்று சட்டமானது. முதல் மசோதாவை எதிர்த்தவர்களில் வாடகைக்காரர் சங்கங்களும் உண்டு. இடிக்கிற வீடு நம்முடையதாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம், நியாயமான பயம்.

நம்ம ஊர்ல அப்படி ஒரு இயக்கத்தையும் காணோமே, ஏனுங்க?
– பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

தேவைப்படவில்லைங்க. தோட்டத்தை சைட்டாகப் பிரிக்க நினைக்கிறவர் ஊரைக் கூட்டி ஊர்வலம் போக வேண்டியதில்லை, நில உபயோக மாற்றத்துக்கு மனு எழுதி நேராக ஆபீஸுக்குப் போகிறார். காரியம் அங்கேயே முடிகிற இடத்தில் இயக்கம் எதற்கு?

பெரிய அளவில் வேண்டும்போது என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் ஊர்த் தண்ணீர்த் திட்டத்தையே பாருங்கள். 1995-ல் தமிழக அரசு, ஏற்றுமதியாளர் சங்கம், ஐஎல்&எஃப்எஸ் நிதி நிறுவனம் மூன்றும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கின, அமெரிக்க அரசின் உதவி முகமையும் கடனுக்குக் கைகொடுத்தது. சுமார் 1,000 கோடி ரூபாய் செலவில் காவிரியிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். தண்ணீர் வேண்டியிருந்தவர்களே மேஜைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்தார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன், ஊருக்கும் தண்ணீர் வந்ததே.

இதே கதையின் மறுபக்கம் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். அவர்கள் கோர்ட்டுக்குப் போய், சாயக்கழிவு வழக்கில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை விடவில்லை. ஏற்றுமதியாளருக்குச் சங்கம், விவசாயிக்குச் சங்கம், இரண்டு பேருக்கும் இழக்க ஏதோ இருந்தது. லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருக்கிற தொழிலாளிக்கு மட்டும் சங்கம் இல்லை. நகரத் திட்டம் எதற்கும் அவர் ஆட்சேபணை மனு கொடுத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கம் நடைபாதைக்காக மூன்று வருஷமாக மனு கொடுக்கிறது. இப்போது ஒரு மில் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈரோடு

வாங்கலாங்க அம்மா, எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். கம்பெனிச் சட்டம் 135-ம் பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகளும், வேறு அளவுகோலில் பெரிதாக இருப்பவையும் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வாங்குகிற அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், உங்கள் சங்கம் செய்திருக்காது என்றே நினைக்கிறேன். அதை முதலில் பாருங்கள்.

பெஞ்சு, மரக்கன்றுக்குக் கூண்டு, குளக்கரையில் பெயர்ப்பலகை இதற்கெல்லாம் கம்பெனி சந்தோஷமாகக் கொடுக்கும், போட்டோ எடுக்கலாம் பாருங்கள். மாநகராட்சி மேல் ஆர்.டி.ஐ. போட யாரும் கொடுப்பதில்லை. பணம் வாங்கின மறுநாளே வாயைக் கட்டச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அதே மில்லின் கோடவுன் லாரிகள்தான் உங்கள் நடைபாதையை அடைக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சை யார் எடுப்பார்? ஒரு சங்கம் யார் பணத்தில் நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் அது பேசுவதை விட்டுவிட்டு, எதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை என்றுதான் தேடுவேன். மரக்கூண்டுக்கு அவர்கள் பணம், மனுவுக்கும் வக்கீலுக்கும் உங்கள் சந்தா என்று தனித்தனிக் கணக்கு வையுங்கள், அதைத் தீர்மானமாக மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியும் வையுங்கள்.

வெளிநாட்டு நிதி வாங்குகிற அமைப்புகள் தேசவிரோதிகள்தானே?
– வாசகர், பொள்ளாச்சி

இல்லை. உள்துறையிடம் அனுமதி வாங்கி, டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் கணக்குத் திறந்து, நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் வைத்தால் சட்டப்படி வாங்கலாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு சின்ன அமைப்புக்குக் கைமாற்ற முடியாது, சிற்றூர் அமைப்புகள் அதில்தான் அடிபட்டன. மக்கள் உரிமைக்காக பந்த் நடத்தினதால் மட்டும் ஓர் அமைப்பின் வெளிநாட்டு நிதியைத் தடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, இந்த அமைப்புகளைப் பற்றித் தன் தளத்தில் இருந்த விவரங்கள் சிலவற்றை உள்துறை 2022 ஜூலையில் எடுத்துவிட்டது. யார் வாங்குகிறார்கள் என்று சந்தேகப்படச் சொல்லிவிட்டு பட்டியலையும் எடுத்துவிட்டால் எப்படி?

மாஸ்டர் பிளானில் எங்கள் தோட்டத்துக்கு நடுவே ரோடு போகுதாம். அதை எடுத்துத் தருகிறோம் என்று ஒரு சங்கம் வீட்டுக்கு ஐயாயிரம் வசூல் பண்ணுது. கொடுக்கட்டுமா?
– விவசாயி, பல்லடம்

கொடுக்காதீங்க. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு வந்தால் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாசம் அவகாசம் உண்டு. வெள்ளைத்தாளில் சர்வே நம்பர் போட்டு நீங்களே எழுதிக் கொடுக்கலாம், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கோவைக்கு 1994-ல் வந்த திட்டத்துக்கு அடுத்த வரைவு 2024-ல்தான் வந்தது, ஆக இந்த மாதிரி சந்தர்ப்பம் அடிக்கடி வராது, தவற விடாதீர்கள்.

அப்புறம், அதே சட்டத்தின் 38-ம் பிரிவு ஒன்று இருக்கிறது. அறிவிப்பு வெளியாகி மூன்று வருஷத்துக்குள் நிலத்தை எடுக்கும் நடவடிக்கை எதுவும் இல்லையென்றால் ஒதுக்கீடு விலகியதாகக் கொள்ளப்படும். உங்கள் ரோடு எந்த வருஷத்து அறிவிப்பில் இருக்கிறது என்று முதலில் உள்ளூர் திட்டக் குழும ஆபீஸில் கேளுங்கள். வசூலுக்கு வருகிற ஆளிடம் ரசீது புத்தகத்தையும், சங்கத்தின் போன வருஷக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள்.