காலைப் பயிற்சியும் வேதியியல் லேபும்

காலை ஐந்தரைக்கு நீச்சல், மதியம் லேப், ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித் தவித்தவன்தான்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் உயர்மட்டமான முதல் பிரிவில், போட்டி சீசனில் கட்டாயப் பயிற்சிக்கு நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணிதான் வரம்பு. ஆனால் போட்டி நாள் எவ்வளவு இழுத்தாலும் 3 மணியாகவே கணக்கு. பயணம் கணக்கிலேயே வராது. படிப்பை விழுங்குவது பெரும்பாலும் அதுதான். அதனால் செமஸ்டர் தொடங்கிய வாரமே போட்டி அட்டவணையோடு பேராசிரியரைப் போய்ப் பாருங்கள்.

அப்புறம், ராத்திரிப் படிப்பை விட்டுவிடுங்கள். பயிற்சி முடிந்து, ஈரத் தலையும் குளோரின் வாசனையுமாக நூலகத்தில் உட்கார்ந்த முக்கால் மணி நேரம்தான் என்னைக் கரைசேர்த்தது. லேப் கணக்குகளை அப்போதே போட்டுவிடுங்கள். பத்து மணிக்குப் படுத்துவிடலாம்.